மகள் கல்யாணத்துக்கு டிஜே தேடிய பெட்டி அண்ணன்

எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களில் எத்தனையோ பேரை ஆட வைத்த மனுஷன், சொந்த மகள் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட வேறு ஆளைத் தேடி அலைந்தார் என்றால் நம்புவீர்களா? அலைந்தார். அதுவும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மகளுக்கு ஆலோசனை சொல்கிற பெரிய மனுஷனாகக் கூடவே போய் அலைந்தார். அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது!

தொழிலில் அவரைப் பெட்டி அண்ணன் என்பார்கள். போன இடத்தில் வேனிலிருந்து அவர் இறங்குவதற்கு முன்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் இறங்கிவிடும். அதனால் வந்த பெயர். கல்யாணம், பிறந்தநாள், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எது நடந்தாலும் வேன் போய் நிற்கும். பெட்டியை அடுக்கி, மேஜையைப் போட்டு, அதன்மேல் மிக்சரை வைத்து, ஹாலின் நாலு மூலைக்கும் போய் நின்று ஒவ்வொரு கைதட்டு தட்டுவார். சத்தம் எங்கே முட்டுகிறது, எங்கே காணாமல் போகிறது என்று அந்தத் தட்டிலேயே அவருக்குப் பிடிபட்டுவிடும். பாட்டு ஆரம்பித்த பிறகு ஆடுகிறவர்களை அவர் பார்க்கவே மாட்டார். குனிந்து நாற்காலிகளுக்குக் கீழே பார்ப்பார். ஆடுகிறவன் எதைப் போட்டாலும் ஆடுவான், உட்கார்ந்திருக்கிறவன் கால் எதற்குத் துடிக்கிறதோ அதுதான் அடுத்த பாட்டு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் எழுந்து வந்து ஆடிய மாமன்மார், சித்திமார் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது.

மகள் வளர்ந்ததே அந்த வேனில்தான். அவர் மனைவி மருத்துவமனையில் துணை நர்ஸ். அவளுக்கு வேலை இருக்கிற நாளிலெல்லாம் பாப்பாவை வேனுக்குள் பெட்டி மூடுகிற கம்பளிமேல் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். அஞ்சு வயதில் அவள் விளையாட்டாக வேன் கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே அப்பாவின் இடதுகை ஆள்காட்டி விரல் இருந்தது. ரத்தத்தைப் பார்த்து அவர் கத்தினதைவிட அவள் கத்தினதுதான் அதிகம். அந்த விரலில் நகம் அதற்குப் பிறகு நடுவில் பிளந்து இரண்டாகத்தான் வளர்ந்தது. ரெட்டை நகம் என்று அவளே அதற்குப் பெயர் வைத்தாள். தூக்கம் வந்தால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அந்தப் பாப்பா படித்து, இன்ஷூரன்ஸ் ஆபீசில் நல்ல வேலையில் உட்கார்ந்தாள். அங்கேயே மேல் பொறுப்பில் இருந்த ஒரு பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது. நல்ல பையன், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய அம்மாதான் கொஞ்சம் எடை போட்டுப் பார்க்கிற ரகம். முதல் தடவை வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார், ஜன்னல் திரையைப் பார்த்தார், பெட்டி அண்ணனைப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

பெட்டி அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அப்பாவுக்கு சவுண்ட் சிஸ்டம் பிசினஸ் அத்தை."

பிசினஸாம்! நாலு பெட்டி, ஒரு மேஜை, தள்ளினால்தான் கிளம்புகிற ஒரு வேன். பெட்டி அண்ணன் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினார். சம்பந்தியம்மா "ஓ, அப்படியா" என்று தலையை ஆட்டிக்கொண்டார். கல்யாணம் நிச்சயமானது.

அன்றைக்குச் சாயங்காலமே, வந்தவர்கள் போன பிறகு, அவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"பாட்டு விஷயத்தை என்கிட்ட விட்டுடு பாப்பா. நீ உள்ள வரும்போது என்ன போடணும், எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் என்ன போடணும்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்."

யோசித்து வைத்தது நேற்று இன்றைக்கு இல்லை. அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே, யார் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நல்ல பாட்டுப் போட்டாலும், இது பாப்பா கல்யாணத்துக்கு ஆகும், இது ஆகாது என்று மனசுக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தவர் அவர். மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை அது. வீடு வாங்க வேண்டும், கார் வாங்க வேண்டும் என்று மற்றவர்கள் ஆசைப்படுவதுபோல இவருக்கு இது.

மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எத்தனை கல்யாணத்துல மூலையில நின்னுட்டு வந்திருக்கீங்க. என் கல்யாணத்துலயாவது மேடையில உட்காருங்கப்பா. ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வர்றாங்க. ப்ரொஃபஷனலா ஒரு டிஜேவைப் போட்டுக்கலாம்."

கேட்க எவ்வளவு பாசமாக இருக்கிறது பாருங்கள்! அப்பா நிற்கக் கூடாதாம், உட்கார வேண்டுமாம். ஆனால் அந்த 'ப்ரொஃபஷனலா' என்கிற வார்த்தை இருக்கிறதே, அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போ இத்தனை வருஷமா நான் பண்ணினது என்னம்மா, உன்னைப் படிக்க வெச்சது எது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரிம்மா என்றார். வெளியே போய் வேனில் ஏறிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அவர் வாயடைத்துப் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கென்று சொந்தமாக விழா கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. போனில் ஒரு பாட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் என்று ஜனங்கள் தாங்களே முடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரிய கல்யாணமெல்லாம் ஒரு கம்பெனிக்குப் போனது. அதன் முதலாளி தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போஸ்டர் முழுக்கச் சிரிப்பான். ஜனங்கள் அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்துத்தான் விழாவை ஒப்படைப்பார்கள். அவன் ஒரே நாளில் எத்தனை ஹாலில் நிற்க முடியும்? அதனால் கடைசி நேரத்தில் இவரைப் போன்ற பழைய ஆட்களுக்குப் போன் போகும். முதுகில் அவன் பெயர் அச்சடித்த கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக ஹாலில் போய் இறங்க வேண்டும். பேச்சு வார்த்தை எல்லாம் போனில்தான். பெட்டி அண்ணன் அந்தச் சட்டையை வேனுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார், வீட்டுக்குத் திரும்புவதற்குள் கழற்றிவிடுவார். மனைவிக்குத் தெரியும். துணி துவைக்கிறவளிடம் எதை மறைப்பது? மகளிடம் மட்டும் இன்னும் 'என் ஃபங்ஷன், என் கஸ்டமர்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் கூட வாங்கப்பா. யாரு நல்லாப் போடுவாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்று மகள் கூப்பிட்டபோது அவர் மறுக்காமல் கிளம்பியதற்கு உள்ளே ஒரு நப்பாசைதான் காரணம். ரெண்டு மூணு பேரைப் பார்த்தால் அவளுக்கே சலித்துப்போகும், யாரும் வேண்டாம்பா, நீங்களே போடுங்க என்று அவள் வாயாலேயே சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை படியும் ஏறி இறங்கினார்.

முதல் ஆள் ஒரு மாடி அறையில் இருந்தான். அறை முழுக்க விளக்கு. அவன் புகை மெஷினைப் பற்றிப் பேசினான், தரையில் பெயர் எழுதுகிற லேசரைப் பற்றிப் பேசினான். உங்க வீட்டு ஆளுங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

"ஏன் தம்பி, நடுவுல ஒரு பெட்டி செத்துப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று பெட்டி அண்ணன் கேட்டார்.

"நம்ம பெட்டி சாகாது சார்."

"சாகாத பெட்டியா! எங்க விக்குதுன்னு சொல்லுங்க, நானும் ஒண்ணு வாங்கிக்கறேன்."

மகள் அவர் கையைக் கிள்ளி வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் வந்ததும் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். வரும் வழியெல்லாம், ஆள் பார்க்கப் போனால் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "முக்கியமா ஒண்ணு கேட்டுடு பாப்பா. இப்போ எங்ககிட்டப் பேசுற ஆளேதான் அன்னிக்கு வருவாரா, இல்ல வேற யாரையாவது அனுப்புவீங்களான்னு கேளு. அதுலதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுறாங்க." இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மிப் போனது. அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது ஆள் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெட்டி அண்ணனைக் கண்டதும் கையிலிருந்த, வயர் பற்றவைக்கிற சூட்டுக்கோலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அடடே, பெட்டி அண்ணனா! வாங்க, வாங்க. பாப்பாவா இது? வேனுக்குள்ள தூங்கிக்கிட்டுக் கிடக்குமே!" என்றவர் விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, அண்ணனை வீட்டுல வெச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்கும்மா வந்திருக்க? உங்கப்பா கைக்கு முன்னால நாங்கள்லாம் யாரு?"

மகள் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டி அண்ணன் கடை வாசலில் கிடந்த ஒரு செத்த மோட்டாரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இதோ சொல்லப் போகிறாள், இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். தெருமுனை வரைக்கும் அவள் முன்னால் நடந்தாள். முனை திரும்பியதும் சொன்னாள்.

"இவரு வேண்டாம்பா. ரொம்பப் பேசுறாரு."

மூன்றாவதாகப் பார்த்தது அந்தக் கம்பெனியைத்தான். மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் நேராக அங்கேயே வந்துவிட்டார்கள். வேறு இடம் பார்க்கலாமே என்று சொல்லப் பெட்டி அண்ணனிடம் ஒரு காரணமும் கைவசம் இல்லை. கண்ணாடிக் கதவு, குளிர் சாதனம், உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிற சோபா. அந்தக் கதவுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். மேனேஜர் அம்மா சிரித்த முகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் குரல் அவருக்கு நல்ல பழக்கம். வாரா வாரம் போனில் கேட்கிற குரல். அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் இவர் வாயைத் திறந்தால் குரலை வைத்தே 'அண்ணே, நீங்களா' என்று கேட்டுவிடுவாள். ஆகவே மனுஷன் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினார்.

"உங்க அப்பா ரொம்ப அமைதியான மனுஷர்" என்று சம்பந்தியம்மா மருமகள் காதில் சொன்னார். நல்லவேளை, அந்த அமைதி என்ன பாடு படுகிறது என்று சம்பந்தியம்மாவுக்குத் தெரியவில்லை.

மேனேஜர் அம்மா பெரிய திரையில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். தொப்பிக்காரன் சிரித்தான், கையைத் தூக்கினான், ஒரு ஹாலே எழுந்து குதித்தது. கிழவர்கள் ஆடினார்கள், சமையல் ஆட்கள் கரண்டியோடு வெளியே வந்து ஆடினார்கள். அந்த ஹால் பெட்டி அண்ணனுக்குத் தெரியும். அந்தக் கரண்டிக்காரரைத் தெரியும். அன்றைக்கு அந்தப் பாட்டைப் போட்டது அவர்தான். தொப்பிக்காரன் அந்தப் பக்கமே வரவில்லை. வேறெங்கோ எடுத்த அவன் முகத்தை இந்தக் கூட்டத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அடுத்த நொடியில் திரை முழுக்க இரண்டு கைகள் வந்தன. வலது கை மிக்சரின் குமிழைத் திருகியது. இடது கை மேஜைமேல் தாளம் போட்டது. ஆள்காட்டி விரலில் நகம் நடுவில் பிளந்திருந்தது.

அவர் இடது கையைச் சட்டென்று தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். ஒளித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். பார்த்தால் தெரியாமல் போகுமா? அந்த விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினவள் ஆயிற்றே! அவள் திரையையே பார்த்தாள். கண் ஒரு தடவை இமைத்தது. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"சூப்பரா இருக்கு, இல்ல?"

"இவங்களையே ஃபிக்ஸ் பண்ணிடலாம்" என்றார் சம்பந்தியம்மா.

மகள் மட்டும் அப்பா சொல்லிக்கொடுத்த கேள்வியை மறக்காமல் கேட்டாள். "அன்னிக்கு இவரேதான் வருவாரா? இல்ல வேற யாரையாவது அனுப்புவீங்களா?"

"சேச்சே, அவரேதான் வருவாரு மேடம். அது எங்க கேரண்டி" என்றாள் மேனேஜர் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சரிதானே என்று கேட்கிற பார்வை. ஒரு வார்த்தை போதும். பொய்ம்மா, அந்தக் கை என் கை என்று அவர் சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் சொன்னால் பிசினஸ் போகும், மகளின் பேச்சு பொய்யாகும். கறுப்புச் சட்டையும் சந்திக்கு வரும். பெட்டி அண்ணன் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் விஷயம் முடிந்தது. என் விரலைக்கூட மறந்துட்டாளே என்கிற ஒன்றுதான் வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாண வாரம் வந்தது. வியாழக்கிழமை காலையில், வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேனேஜர் அம்மா.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு ரிசப்ஷன் இருக்கு. தலைவர் வெளியூர் போறாரு. நீங்கதான் போகணும்" என்று சொல்லி, ஹாலின் பெயரைச் சொன்னாள்.

அவருடைய மகளின் வரவேற்பு நடக்கப்போகிற ஹால்.

"அவரே வர்றதா அந்தப் பார்ட்டிகிட்டச் சொல்லியிருப்பீங்களே" என்று கேட்டார்.

"அது எப்பவும் சொல்றதுதானே அண்ணே. என்ன, புதுசாக் கேக்கறீங்க?"

அவர் வேன் கண்ணாடியில் துணியை அழுத்தித் தேய்த்தார். மனசு எங்கெங்கோ போனது. சரி என்று சொல்லிவிட்டால் என்ன? அத்தனை வருஷமாக ஒதுக்கி வைத்த பாட்டையெல்லாம் போடலாம். மகள் உள்ளே வரும்போது எதைப் போட வேண்டும் என்று நினைத்தாரோ அதையே போடலாம். முதுகில் எவனோ ஒருத்தன் பெயர் இருக்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்க்க, மகள் பார்க்க, மேடைக்குக் கீழே அந்தச் சட்டையோடு நிற்க வேண்டும்.

"என்னால முடியாதும்மா. என் வீட்டுல அன்னிக்கு விசேஷம்" என்றார்.

"அப்போ சீட்டியை அனுப்பறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

சீட்டி என்பவன் கம்பெனியில் விளக்கு போடுகிற ஆள். எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டு திரிவான், நல்லவன். வயரைச் சொருகத் தெரியும், பட்டனை அழுத்தத் தெரியும். கூட்டத்தைப் படிக்கத் தெரியாது.

மனைவியிடம் சொன்னார். அவள் நர்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், கேட்டு முடித்துச் சொன்னாள். "போய்ப் பாப்பாகிட்டச் சொல்லிடுங்க. இன்னும் நாள் இருக்கு, வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பா."

"கேக்கட்டுமே. என்ன குடியா முழுகிடும்? கஷ்டப்பட்டு உழைக்கிறதைச் சொல்ல உங்களுக்கு என்ன வெட்கம்?"

"அவளுக்கு வெட்கமா இருக்கே. அதைச் சொல்லு."

மனைவி பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அவர் மகளிடம் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், வெட்கம் மட்டும் காரணம் இல்லை. படட்டும், ப்ரொஃபஷனல் கேட்டாளே, எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும் என்று ஒரு எண்ணம் அவர் அடிமனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெற்ற மகள்மேல் அப்படி ஒரு எண்ணம் வரலாமா? வந்தது. பொல்லாத மனசு, வந்ததை விரட்டாமல் வைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டி அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். கோட்டு அக்குளில் பிடித்தது. எதிரே, மூலையில், சீட்டி கறுப்புச் சட்டையோடு பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து மேடையைப் பார்த்தவன் "அண்ணே!" என்று வாயெடுத்தான். பெட்டி அண்ணன் வேண்டாம் என்று தலையை அசைத்தார். சீட்டி மேடைக்குப் பின்னால் மாட்டியிருந்த கல்யாணப் பெண்ணின் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், முகம் வெளுத்துக் குனிந்துகொண்டான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தபோது பாட்டு பாதியிலிருந்து ஆரம்பித்தது. மைக் ஊளையிட்டது, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. தொப்பிக்காரர் எங்கே என்று மாப்பிள்ளை போய்க் கேட்டான், வந்துக்கிட்டே இருக்காரு என்று சீட்டி சொன்னான். பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அது. ஆபீஸ் பிள்ளைகள் ஆடலாம் என்று கூட்டமாக இறங்கி வந்தபோது அழுமூஞ்சிப் பாட்டு ஒன்று வந்தது. அவர்கள் அசடு வழிய நின்றுவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். அதற்கப்புறம், நடுவில் இருந்த இடத்தில் ஒரே ஒரு குழந்தை பலூனை உதைத்துக்கொண்டிருந்தது.

பெட்டி அண்ணன் நாற்காலிகளுக்குக் கீழே பார்த்தார். பார்க்கக் கூடாது என்று இருந்தவர் பார்த்துவிட்டார். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவரின் செருப்பு தாளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நாலைந்து பெண்கள், காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தூக்கிவிட ஒரு ஆள் வந்தால் எழுந்துவிடுகிற நிலையில் இருந்தார்கள். முன்வரிசையில் சம்பந்தியம்மாவின் குதிகால்கூட ஒரு பழைய பாட்டுக்குத் துடித்தது. சீட்டி அதைப் பார்க்காமல் பாட்டைப் பாதியில் அறுத்தான், குதிகால் நின்றுபோனது. அடுத்து என்ன போட வேண்டும் என்று பெட்டி அண்ணனுக்குத் தெரியும். அவருடைய இடது கை நாற்காலிப் பிடியில் தானாகத் தாளம் போட்டது. படட்டும் என்று நினைத்தாரே, அந்த எண்ணம் இப்போது அவரையே குத்தியது. மகள் முகத்தில் சிரிப்பு ஒட்டவைத்தது போல இருந்தது. கல்யாணப் பெண் அழக்கூடாது என்பதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாங்க முடியாமல் எழுந்தார். ஒரு படி இறங்கினார். மகள் திரும்பினாள்.

"அப்பா. உட்காருங்க."

சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் கண் சம்பந்தியம்மா பக்கம் ஒரு தடவை போய் வந்தது. பெட்டி அண்ணன் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

சம்பந்தியம்மா சும்மா இருப்பாரா? மேடைக்கே வந்தார். "என்னங்க சம்பந்தி, இவ்வளவு பெரிய கம்பெனின்னாங்க, மானத்தை வாங்கிட்டாங்களே! நீங்க இந்த பிசினஸ்லயே இருக்கிறவரு. நல்ல ஆளாப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தப்புதாங்க. கேட்டிருக்கணும்" என்றார் பெட்டி அண்ணன்.

வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிப் போய்க்கொண்டே இருந்தார்கள். வெயில் சாய்வதற்குள் ஹால் காலியானது. சீட்டி தனியாளாகப் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பெட்டி அண்ணன் போய் அதன் மறுமுனையைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. உங்க வீடுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றான் சீட்டி. அழுதுவிடுவான் போலிருந்தது.

"உன்மேல என்னடா தப்பு? அந்தப் பக்கம் தூக்கு. பார்த்து, இடுப்பு பிடிச்சுக்கும்."

பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மகள் பின்வாசலில் வந்து நின்றாள். முன்பக்கம் மாப்பிள்ளையின் கார் தயாராக இருந்தது. அவள் கிட்டே வந்து அவருடைய இடது கையைப் பிடித்தாள். சின்ன வயதில் பிடித்த மாதிரி, அந்த ஒரு விரலை மட்டும் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அந்த வீடியோவுல இது வந்தப்பவே தெரிஞ்சுபோச்சுப்பா."

பெட்டி அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்து ஆற்றிக்கொண்ட மனசுக்கு இதைத் தாங்க முடியவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லையே!

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். யார் வருவாங்கன்னு கேட்டுட்டு உங்களைத்தானே பார்த்தேன்." அவள் குரல் உடைந்தது. "நீங்களும் சொல்லலையேப்பா."

அவர் அவள் தலையில் கை வைக்கப் போனார். அதற்குள் பின்வாசலில் சம்பந்தியம்மா வந்துவிட்டார். கையில் வயர், காலடியில் ஏற்றாத இன்னொரு பெட்டி, சட்டையெல்லாம் தூசி என்று நின்ற சம்பந்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது? உங்க அப்பா எதுக்குப் பெட்டி தூக்கிக்கிட்டிருக்காரு?"

மகள் விரலை விட்டாள். கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு சிரித்தாள்.

"அவரு பிசினஸே இதுதானே அத்தை. புது மாடல் பெட்டியைப் பார்த்தா அவருக்குக் கை சும்மா இருக்காது. எப்பவும் இப்படித்தான்."

சீட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பெட்டி அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றார் அவர். "நல்ல பெட்டியா இருக்கு. என்ன விலைன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

சம்பந்தியம்மா சிரித்தார். மகளும் சிரித்தாள், போயிட்டு வரேம்பா என்றாள். இரண்டு பேரும் முன்பக்கம் போனார்கள், கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெட்டி அண்ணன் மிச்ச வயரையும் சுருட்டிச் சீட்டியிடம் கொடுத்தார்.